மேசை, தொப்பி, ஐந்து சீட்டு

1964 பொங்கலுக்கு வந்த இரண்டு பெரிய படங்களிலும் ஓர் ஆட்டம் இருந்தது. பி.ஆர். பந்துலுவின் ‘கர்ணன்’ படத்தில் கர்ணனும் துரியோதனன் மனைவி பானுமதியும் எதிரெதிரே உட்கார்ந்து பகடை உருட்டுவார்கள். கணவன் வருவதைப் பார்த்துப் பானுமதி எழுந்திருப்பாள். தோற்றுப்போய் நழுவுகிறாள் என்று நினைத்துக் கர்ணன் பிடித்து இழுக்க, முத்துகள் அறுந்து தரையெல்லாம் ஓடும். ‘வேட்டைக்காரன்’ படத்தில் எம்.ஜி.ஆர். கௌபாய் தொப்பி போட்டு வந்தார். கண்ணதாசன் எழுதி, கே.வி. மகாதேவன் இசையமைத்து, டி.எம். சௌந்தரராஜனும் பி. சுசீலாவும் பாடிய ஒரு டூயட் அதில் சீட்டுக்கட்டு ராஜாவைக் கூப்பிட்டபடி தொடங்கும். பானுமதியும் சாவித்திரிதான், வேட்டைக்காரனின் நாயகியும் சாவித்திரிதான்.

பகடை நம் கதைகளுக்குப் புதிதல்ல. சகுனி உருட்டியதைத் தெருக்கூத்தில் விடிய விடியப் பார்த்த ஜனம் நாம். சீட்டுக்கட்டும் கௌபாய் தொப்பியும் ஒரே படத்தில் சேர்ந்து வந்ததுதான் புதிது. அப்படிச் சேர்த்து வைத்த தயாரிப்பாளர் கோயம்புத்தூர் ராமநாதபுரத்தில் பிறந்த சாண்டோ சின்னப்பா தேவர்.

போக்கர் எங்கள் பக்கத்தில் பிறந்த ஆட்டம் இல்லை. கோவையிலோ ஈரோட்டிலோ கோபியிலோ ஒரு தலைமுறைக்கு முன்பு அதை விதிப்படி ஆடத் தெரிந்தவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் போக்கர் மேசை எப்படி இருக்கும் என்று கேட்டால் எல்லோருக்கும் தெரியும். வட்ட மேசை, மேலே தொங்கும் விளக்கு, சுருட்டுப் புகை, நெற்றிவரை இறங்கிய தொப்பி, மார்போடு ஒட்டிப் பிடித்த ஐந்து சீட்டு, எதையும் காட்டிக்கொடுக்காத முகம். விளையாட்டு வருவதற்கு ரொம்ப நாள் முன்பே அதன் படம் இங்கே வந்து குடியேறிவிட்டது. அந்தப் படம் வந்த பாதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் ஆட்டம். 1829-இல் ஜோசப் கௌவல் என்ற ஆங்கில நாடக நடிகர் அமெரிக்காவில் நீராவிக் கப்பலில் நியூ ஆர்லியன்ஸ் நோக்கிப் போனார். கப்பலில் சிலர் ஆடிய புது ஆட்டம் ஒன்றைக் கண்டார். 1844-இல் வெளியான தன் நினைவுக் குறிப்புகளில் அதை எழுதி வைத்தார். போக்கரைப் பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய சாட்சியங்களில் அது ஒன்று. அன்றைய கட்டில் இருபதே சீட்டு: நான்கு இனத்திலும் ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி, பத்து. நான்கு பேருக்கு ஐந்தைந்தாகப் பங்கிட்டால் கட்டு தீர்ந்துவிடும். கீழே ஒரு சீட்டும் மிஞ்சாது, மாற்றவும் முடியாது. வந்தது வந்ததுதான். அதை வைத்துக்கொண்டு எவ்வளவு பணம் கட்டத் துணிவாய் என்பதுதான் மொத்த ஆட்டமும். 52 சீட்டு, கையைப் பிரித்துச் சீட்டு மாற்றுவது, ஒரே இனத்தில் ஐந்தும் சேர்ந்தால் தனி மதிப்பு என்பதெல்லாம் பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ந்தன.

நியூ ஆர்லியன்ஸ் பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய ஊர். பிரான்சில் ‘போக்’ என்றொரு சீட்டாட்டம் இருந்தது, ஜெர்மனியில் அதற்கு ஓர் உறவு இருந்தது. இங்கிலாந்தில் இருந்த பங்காளியின் பெயர் ‘பிராக்’. ஆளுக்கு மூன்று சீட்டு, பந்தயத்தை ஏற்றிக்கொண்டே போவது, கையில் ஒன்றும் இல்லாமலே எல்லாம் இருப்பதுபோல் உட்கார்ந்திருப்பது. சீட்டாட்ட விதிகளை எழுதிப் பெயர் பெற்ற எட்மண்ட் ஹாய்ல் 1751-இல் அதற்கென்றே ஒரு சிறு நூல் எழுதினார். இந்தப் பிராக்கின் வம்சம்தான் இந்தியாவில் மூணு சீட்டாக ஆடப்படுகிறது. ‘பிளைண்ட்’ கட்டுவது, ‘ஷோ’ கேட்பது என்று தீபாவளி ராத்திரியில் நடக்கிற அதே ஆட்டம். ஆகவே மிசிசிப்பி ஆற்றில் மிதந்த போக்கருக்கும் எங்கள் பக்கத்துக் கிணற்றுமேட்டு வேப்பமரத்தடியில் துண்டு விரித்து ஆடிய மூணு சீட்டுக்கும் தாயாதி உறவு உண்டு. ஒரு கிளை மேற்கே போய்க் கௌபாய் தொப்பி போட்டுக்கொண்டது, இன்னொரு கிளை வெள்ளைக்காரரோடு கிழக்கே வந்து வேட்டி கட்டிக்கொண்டது.

இந்த உறவில் ஓடும் ரத்தம் பொய் முகம். ரம்மியில் கடைசியில் சீட்டை விரித்துக் காட்டியே தீரவேண்டும். வரிசை சேர்ந்திருக்கிறதா இல்லையா என்பதுதான் கணக்கு. போக்கரில் எதிராளி பயந்து சீட்டைக் கவிழ்த்துவிட்டால் நம் கையில் என்ன இருந்தது என்று யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. ஒன்றுமில்லாத கையோடு மேசையில் இருக்கிற பணம் முழுவதையும் வாரலாம். ஜான் வான் நாய்மன் என்ற ஹங்கேரியக் கணித மேதை இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. 1928-இல் அவர் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்து, 1944-இல் ஆஸ்கர் மார்கென்ஸ்டெர்னோடு சேர்ந்து வெளியிட்ட பெரிய நூலில் போக்கருக்கு இடம் ஒதுக்கினார். நல்ல கை வரும்போது மட்டும் பந்தயம் கட்டுகிறவனை எல்லோரும் படித்துவிடுவார்கள், அவ்வப்போது பொய்யாகவும் கட்டுவது ஆட்டக் கணக்கின்படியே அவசியம் என்று காட்டினார். போர்த் தந்திரத்திலிருந்து ஏலம்வரை இன்று பேசப்படும் ஆட்டக் கோட்பாடு அந்த நூலில்தான் கால் ஊன்றியது.

கதை சொல்கிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வரம் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு முகம், அதற்குப் பின்னால் ஒரு ரகசியம், எதிரே அதைப் படிக்கப் பார்க்கும் இன்னொரு முகம். துப்பாக்கியை மேசைக்கு அடியில் வைத்துவிட்டால் காட்சி தயார். 1876 ஆகஸ்ட் 2-ஆம் தேதி டெட்வுட் என்ற சுரங்க ஊரில் வைல்ட் பில் ஹிக்காக், கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து போக்கர் ஆடிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து சுடப்பட்டுச் செத்தார். அவர் கையில் இரண்டு ஏஸும் இரண்டு எட்டும் இருந்தன என்று பின்னாளில் சொல்லப்பட்டு, அந்தக் கைக்குச் செத்தவன் கை என்று பெயர் ஒட்டிக்கொண்டது. மலிவு நாவல்கள் எழுதியவர்களும் பிறகு சினிமா எடுத்தவர்களும் அந்த மேசையை விடவே இல்லை. 1903 முதல் காசியஸ் கூலிட்ஜ் என்ற ஓவியர் காலண்டர் கம்பெனி ஒன்றுக்காக, நாய்கள் போக்கர் ஆடுவதுபோல் வரிசையாக வரைந்து கொடுத்தார். ஒரு நாய் மேசைக்கடியில் காலை நீட்டி நண்பனுக்கு ஏஸைத் தள்ளும் அந்தப் படம் காலண்டராக, அட்டையாக அச்சாகி வீடு வீடாகப் போனது. ஆட்டம் தெரியாதவர்கள் வீட்டிலும் போக்கர் மேசை சுவரில் தொங்கியது. படம் முந்திக்கொண்டு போவது அங்கேயே தொடங்கிவிட்டது.

கொங்கு நாட்டுக்கு அது வந்த முதல் வாசல் கோவையில் இருந்தது. ரயில்வேயில் வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-இல் திருச்சியில் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். 1914-இல் கோவையில் வெரைட்டி ஹாலைக் கட்டினார். தெருவுக்கே அந்தப் பெயர் நிலைத்தது. கொட்டகை பின்னாளில் டிலைட் தியேட்டர் ஆனது. மௌனப் பட காலத்தில் இந்தியாவில் ஓடியவற்றில் பெரும்பகுதி வெளிநாட்டுப் படங்கள், அவற்றிலும் அமெரிக்கப் படங்களே அதிகம். 1927-இல் சென்னை வழக்கறிஞர் டி. ரங்காச்சாரியார் தலைமையில் அரசு ஒரு விசாரணைக் குழு போடுமளவுக்கு அவை நிறைந்திருந்தன. பேச்சு இல்லாத படத்துக்கு மொழி தடை இல்லை. பஞ்சாலை ஷிப்டு முடிந்து வந்து உட்கார்ந்தவருக்கும் குதிரை புரிந்தது, துப்பாக்கி புரிந்தது, சீட்டைக் கவிழ்த்துவிட்டு எழுந்து நிற்கிறவன் கோபமும் புரிந்தது. 1888-இல் ஸ்டேன்ஸ் துரையின் மில்லோடு தொடங்கிய கோவையின் ஆலை வாழ்க்கை, மாதச் சம்பளத்தையும் சாயங்கால ஓய்வையும் சேர்த்துத் தந்திருந்தது. படக் கொட்டகைக்கு வேண்டியது அந்த இரண்டும்தான்.

அடுத்தது, பார்த்ததைத் தாமே எடுத்துக் காட்டுவது. கோவையில் சென்ட்ரல் ஸ்டுடியோ, பிறகு ஸ்ரீராமுலு நாயுடுவின் பட்சிராஜா, சேலத்தில் திருச்செங்கோட்டுக்காரர் டி.ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ். சென்னைக்கு முழுதாகச் சினிமா நகர்வதற்கு முன் கொங்கு மண்ணில் இவ்வளவு பெரிய படத் தொழில் நடந்தது என்பதை இப்போதைய பிள்ளைகளுக்கு நம்பவைப்பது கஷ்டம். எம்.ஜி.ஆர். நாயகனாக நடித்த முதல் படம் ‘ராஜகுமாரி’ 1947-இல் வந்தது. ஜூபிடர் பிக்சர்ஸ் அதைக் கோவை சென்ட்ரல் ஸ்டுடியோவில் எடுத்தது. அதில் எம்.ஜி.ஆரோடு சண்டை போட்டவர் உள்ளூர் பயில்வான் சின்னப்பா. அந்த நட்புதான் பின்னால் தேவர் பிலிம்ஸ் ஆகி, 1956-இல் ‘தாய்க்குப்பின் தாரம்’ எடுத்து, 1964-இல் எம்.ஜி.ஆர். தலையில் கௌபாய் தொப்பியை வைத்தது. கம்பெனி அப்போது சென்னையில் இருந்தது. ஆனால் தேவரின் ரசனை கோவை ஜனத்தின் ரசனை. கொட்டகையில் முன் பெஞ்சு எப்போது விசில் அடிக்கும் என்று அவருக்குத் தெரியும். மாடும் யானையும் முருகனும் கௌபாயும் அவர் படங்களில் கூச்சமில்லாமல் ஒன்றாகப் புழங்கினார்கள். நான் அதை மதிக்கிறேன். வெளிநாட்டுப் பொருளை எடுத்து வெட்கப்படாமல் தன்னுடையதாக்கிக்கொள்ள ஒரு தைரியம் வேண்டும்.

சேலத்தில் சுந்தரம் 1963-இல் காலமான பிறகு மாடர்ன் தியேட்டர்ஸ் துப்பறியும் கதைப் பக்கம் முழுமூச்சாகத் திரும்பியது. ‘இரு வல்லவர்கள்’, ‘வல்லவன் ஒருவன்’, ‘சிஐடி சங்கர்’ என்று ஜெய்சங்கர் படங்கள் வந்தன. ஏற்காடு மலையடியில் இருந்துகொண்டு அவர்கள் தமிழுக்கு ஒரு கிளப் உலகத்தைக் கட்டிக் கொடுத்தார்கள். அடுத்து ஒளிப்பதிவாளர் கர்ணன் இயக்கிய ‘கங்கா’ 1972-இல் வந்தபோது ஜெய்சங்கர் முழுக் கௌபாயாகவே ஆகிவிட்டார். 2010-இல் சிம்புதேவன் ‘இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்’ எடுத்தபோது அந்தக் கற்பனை ஊருக்கு ஜெய்சங்கர்புரம் என்று பெயர் வைத்தார்.

திரையில் இப்படி என்றால் தரையில் நடந்தது வேறு. தோட்டத்துச் சாளை வாசலிலும் டவுன் கிளப்பிலும் ஓடியது ரம்மி. பதின்மூன்று சீட்டு, ஜோக்கர், கை மோசமானால் ‘ஸ்கூட்’. கல்யாண மண்டபத்தில் ராத்திரி முழிப்புக்கு அதைவிட நல்ல துணை கிடையாது. “ஒரு கை குறையுதுங்க, உக்காருங்க மாமா” என்று கூப்பிட்டால் மறுக்கிற மாமா அபூர்வம். பணம் வைத்து ஆடினால்தான் போலீஸ் பயம். 1930-ஆம் ஆண்டின் சென்னை மாகாணச் சூதாட்டச் சட்டம், வெறும் திறமையால் ஆடப்படும் ஆட்டங்களுக்கு விலக்கு அளித்திருந்தது. அப்படியானால் சீட்டில் எது திறமை, எது அதிர்ஷ்டம்? இந்தக் கேள்விக்குப் பதில் கோவையிலோ சென்னையிலோ பிறக்கவில்லை, செகந்திராபாத்தில் பிறந்தது. 1963-இல் அங்கே கிரெசென்ட் ரிக்ரியேஷன் கிளப்பில் போலீஸ் புகுந்து, பந்தயம் வைத்து ரம்மி ஆடியவர்களைப் பிடித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 1967 நவம்பரில் நீதிபதி ஹிதாயதுல்லா எழுதிய தீர்ப்பு இன்றைக்கும் எல்லா வக்கீல்களும் எடுத்துக் காட்டுவது. ரம்மியில் விழுந்த சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டும், எதைப் பிடிப்பது எதை விடுவது என்று தீர்மானிக்க வேண்டும், எனவே அதில் திறமையே மேலோங்கி நிற்கிறது என்றார். ஃபிளஷ், பிராக் என்றெல்லாம் அழைக்கப்படும் மூன்று சீட்டு ஆட்டத்தைச் சுத்தமான அதிர்ஷ்டம் என்று அதே தீர்ப்பில் ஒதுக்கிவைத்தார்.

தமிழ்நாட்டு மனமகிழ் மன்றங்களுக்குத் தலைநிமிர்ந்து நிற்க ஒரு காரணம் அந்தத் தீர்ப்பில் கிடைத்தது. பதிவு செய்த சங்கம், உறுப்பினர் சந்தா, மின்விசிறி, ரம்மி மேசை. போலீஸ் வந்தால் 1967-ஐக் காட்டலாம். போக்கரின் பங்காளியான மூணு சீட்டு மட்டும் மரத்தடியிலேயே, ஓடத் தயாராக, ஒரு கண் சாலையில் வைத்தபடி நடந்தது. போக்கருக்கு இங்கே அப்போது மேசையும் இல்லை, வழக்கும் இல்லை. அது பார்வைக்கு மட்டும் இருந்தது.

படிப்பதற்கும் இருந்தது. இதைச் சொல்லத்தான் எனக்கு ஆசை அதிகம். போக்கர் மேசையை எங்கள் பக்கத்துப் பையன்களின் மனசில் நிரந்தரமாகப் பதித்தவை சிவகாசியிலிருந்து வந்த காமிக்ஸ் புத்தகங்கள். 1972-இல் முத்து காமிக்ஸ் ‘இரும்புக்கை மாயாவி’யோடு தொடங்கியது. 1984-இல் லயன் காமிக்ஸ் வந்தது, ஆசிரியர் எஸ். விஜயன் அப்போது பதின்ம வயதைக் கடக்காதவர். அடுத்த ஆண்டே ‘தலைவாங்கிக் குரங்கு’ என்ற கதையில் டெக்ஸ் வில்லர் தமிழுக்கு வந்தார். 1948-இல் இத்தாலியில் போனெல்லி எழுத, கலெப்பினி வரைய உருவான அமெரிக்க ரேஞ்சர் அவர். அமெரிக்காவைப் பற்றி இத்தாலிக்காரர்கள் கற்பனை செய்ததைச் சிவகாசியில் அச்சடித்துக் கோவை பஸ் ஸ்டாண்டில் விற்றார்கள். ரயிலிலும் பஸ்ஸிலும் கட்டுக் கட்டாக வந்த சாணிப்பேப்பர் புத்தகங்களில் அரிசோனா பாலைவனம் இருந்தது, சலூன் இருந்தது, சலூனின் மூலையில் தவறாமல் அந்த மேசை இருந்தது.

பெல்ஜியத்து மோரிஸ் 1946-இல் படைத்த லக்கி லூக்கும் தமிழில் வந்து நம்மைச் சிரிக்கவைத்தார். அவருக்கு வில்லனாக பாட் போக்கர் என்றே ஒருவனை மோரிஸ் உண்டாக்கி 1953-இல் ஓர் ஆல்பம் போட்டிருக்கிறார். சட்டைக் கைக்குள் சீட்டு மறைக்கும் தொழில்காரன். ஜான் மிஷேல் ஷார்லியே எழுதி ஜான் ஜிரோ வரைந்த புளூபெர்ரியைத் தமிழ் வாசகர்கள் கேப்டன் டைகராக அறிவார்கள். 1963-இல் முதல் கதையில் அவர் நமக்கு அறிமுகமாவதே சலூனில் சீட்டாடிக்கொண்டுதான். ஏமாற்றுகிறாய் என்று தகராறு வெடிக்கிறது, மேசை கவிழ்கிறது. ஒரு கதாநாயகனின் குணத்தை இரண்டு பக்கத்தில் சொல்ல ஷார்லியேவுக்கு அந்த மேசை போதுமானதாக இருந்தது. ஒழுங்குக்கு அடங்காதவன், அபாயத்தைத் தேடிப் போகிறவன், அடி வாங்கினாலும் எழுந்து நிற்கிறவன்.

காமிக்ஸில் இன்னொரு வசதி உண்டு. சினிமாவில் முகம் கடந்து போய்விடும். கட்டத்தில் அது நிற்கும். சீட்டைப் பார்க்கும் கண், வியர்வைத் துளி, விரல் நுனி என்று ஒவ்வொன்றையும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். மூன்று ராணியை இரண்டு ஏஸ் வெல்லுமா என்று தெரியாமலே, யார் பொய் சொல்கிறார்கள் என்று அந்தப் பையன்கள் கண்டுபிடித்தார்கள். முகம் படிக்கும் பாடம் அது. ஆடத் தெரியாமலே போக்கரின் உயிரான பகுதியைக் கற்றுக்கொண்ட ஒரு தலைமுறை இங்கே வளர்ந்தது.

அந்தப் பையன்கள் இப்போது நடுவயது தாண்டியவர்கள். மக்கள் சிந்தனைப் பேரவை 2005 முதல் ஆகஸ்டில் நடத்தும் ஈரோடு புத்தகத் திருவிழாவையொட்டி லயன்–முத்து வாசகர்கள் ஈரோட்டில் கூடுவது ஒரு வழக்கமாகிவிட்டது. விசைத்தறி வைத்திருப்பவர், வங்கியில் இருப்பவர், வாத்தியார் எல்லோரும் வந்து, டெக்ஸ் சிறந்தவரா டைகர் சிறந்தவரா என்று குரல் உயர்த்திப் பேசுகிறார்கள். அடுத்து எந்தக் கதை வர வேண்டும் என்று ஆசிரியரிடம் நேரில் கேட்கிறார்கள். சாணிப்பேப்பர் போய் வழுவழு வண்ணத்தாள் வந்துவிட்டது. மஞ்சள் மண்டியும் ஜவுளிச் சந்தையும் பேர் வாங்கிய ஊரில் வைல்ட் வெஸ்ட்டுக்கு இவ்வளவு விசுவாசமான ஒரு கூட்டம் இருப்பது எனக்குப் பெருமையாகவே இருக்கிறது.

உலகத்தில் இதற்கிடையே போக்கர் மேசைக்கு ஒரு பெரிய மாற்றம் நேர்ந்தது. 1970-இல் லாஸ் வேகாஸில் பென்னி பினியன் தன் சூதாட்ட விடுதியில் உலகப் போட்டி ஒன்றைத் தொடங்கினார். நெடுநாள் அது பார்க்கச் சுவாரஸ்யமில்லாத போட்டியாகவே இருந்தது. கவிழ்ந்து கிடக்கும் சீட்டை வேடிக்கை பார்ப்பவர்கள் எப்படிப் பார்ப்பது? நாஜி முகாமிலிருந்து உயிர் தப்பி அமெரிக்கா வந்து பொம்மைத் தயாரிப்பாளரான ஹென்றி ஓரென்ஸ்டீன் அதற்கு வழி கண்டார். ஆட்டக்காரரின் சீட்டை மேசைக்குள்ளிருந்து படம்பிடிக்கும் கேமராவுக்கு 1995-இல் காப்புரிமை பெற்றார். வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு எல்லாச் சீட்டும் தெரியும், ஆடுகிறவருக்குத் தெரியாது. வில்லன் ஒளித்த சீட்டை நாயகனுக்கு முன்பே நமக்குக் காட்டும் சினிமாவின் உத்தி அதுவேதான். 2003-இல் டென்னசி மாநிலக் கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர், இணையத்தில் 86 டாலர் கட்டி நுழைந்து, உலகப் போட்டியில் 25 லட்சம் டாலர் வென்றார். அடுத்த ஆண்டுகளில் போட்டிக்கு வந்தவர்கள் எண்ணிக்கை ஆயிரத்துக்குள்ளிருந்து எட்டாயிரத்தைத் தாண்டியது. ஜேம்ஸ் பாண்டே மாறினார். நாவலில் பக்கரா ஆடியவர் 2006-இல் வந்த ‘கசினோ ராயல்’ படத்தில் போக்கர் ஆடினார்.

தமிழில் 2011 ஆகஸ்ட் 31-ஆம் தேதி அஜித்தின் ஐம்பதாவது படம் வந்தபோது, வெங்கட் பிரபு அதற்கு ‘மங்காத்தா’ என்று பெயர் வைத்தார். உள்ளே வெளியே என்று பந்தயம் கட்டும் நம்மூர் ஆட்டத்தின் பெயர். கிரிக்கெட் சூதாட்டப் பணத்தைச் சுற்றிய கதை அது. நரைத்த தலையும் நம்ப முடியாத சிரிப்புமாக அஜித் செய்தது, அரை நூற்றாண்டு தமிழ் ரசிகர்கள் தொப்பிக்கடியில் பார்த்துப் பழகிய அந்தப் பொய் முகத்தைத்தான். தொப்பி மட்டும் இல்லை.

பிறகு போன் வந்தது. மேசையாகவும் கட்டமாகவும் திரையாகவும் மட்டும் இருந்த போக்கர் இப்போது ஆட்டமாகவே வந்தது. ரம்மியும் மரத்தடியை விட்டு அதற்குள் குடிபோனது. சினிமா நட்சத்திரங்களும் கிரிக்கெட் வீரர்களும் விளம்பரத்தில் வந்து கூப்பிட்டார்கள். இத்தனை காலம் கதைகள் தந்த பழக்கத்தை வைத்துத்தான் அந்த விளம்பரங்கள் வியாபாரம் செய்தன. கூர்மையான பார்வை, தைரியம், ஒரே ராத்திரியில் ஜெயித்து எழுவது. ஆனால் எந்தப் பகுதியை நாம் இத்தனை ஆண்டுகள் ரசித்தோமோ அந்தப் பகுதியே அதில் கிடையாது. எதிரே முகம் இல்லை. கலைத்துப் போடும் கையைப் பார்க்க முடியாது. “போதும் மாப்ள, வீட்டுக்குப் போ” என்று சீட்டைப் பிடுங்கி வைக்கும் பெரியவர் இல்லை. ராத்திரி இரண்டு மணிக்குப் போர்வைக்குள் ஒருவன் தனியாக உட்கார்ந்து தோற்றுக்கொண்டிருந்தான். கோவையிலும் மாநிலத்தின் மற்ற ஊர்களிலும் கடனில் மூழ்கித் தற்கொலை செய்துகொண்டவர்களின் செய்திகள் வரத் தொடங்கின. போலீஸ்காரர்கள், மாணவர்கள், பிள்ளை பெற்றவர்கள். அந்தச் செய்திகளைப் படித்துவிட்டுச் சலூன் காட்சிகளை முன்போல் ரசிப்பது எனக்குக் கொஞ்ச காலம் முடியவில்லை.

தமிழ்நாடு அரசு 2020 நவம்பரில் இந்த இணைய ஆட்டங்களைத் தடுக்க அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அதன் தொடர்ச்சியாக வந்த சட்டத்தை 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைந்து, 2022-இல் அறிக்கை தந்தது. அதையொட்டி வந்த புதிய மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்ப, 2023 மார்ச்சில் சட்டமன்றம் மறுபடியும் நிறைவேற்ற, ஏப்ரலில் சட்டமானது. அதன் அட்டவணையில் அதிர்ஷ்ட ஆட்டங்கள் என்று பெயர் குறிப்பிட்டு இரண்டு ஆட்டங்கள் இருந்தன: ரம்மி, போக்கர். நியூ ஆர்லியன்ஸ் கப்பலில் ஏறிய ஆட்டம் தமிழ்நாட்டுச் சட்டப் புத்தகத்தில் வந்து இறங்கியது அங்கேதான். அதே ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை நிறுத்தி வைத்துக்கொண்டு, அந்த இரண்டு பெயரையும் மட்டும் அடித்தது. இரண்டும் திறமை ஆட்டங்கள் என்றது. 1967-இல் மூணு சீட்டை வெளியே தள்ளிய அதே அளவுகோல், 2023-இல் அதன் பங்காளி போக்கரை உள்ளே சேர்த்துக்கொண்டது. 2025-இல் மாநில ஆணையம் நள்ளிரவு முதல் காலை ஐந்து மணிவரை பண ஆட்டத்துக்கு இடமில்லை, ஆதார் சரிபார்ப்பு வேண்டும் என்று விதி போட்டது. உயர் நீதிமன்றம் ஜூனில் அதை ஏற்றது. நள்ளிரவுத் தடையை யோசித்தவர் யாராக இருந்தாலும், அந்தப் போர்வைக்குள் இருந்தவனைப் பார்த்தவர்.

அந்த விதிக்கு ஆயுள் குறைவாகப் போனது. 2025 ஆகஸ்ட் 22-ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வியையே தூக்கிப் போட்டது. இணையத்தில் பணம் கட்டி ஆடுவது எதுவானாலும் தடை. நடத்துகிறவர்களுக்கு மூன்றாண்டுவரை சிறை, விளம்பரம் செய்கிறவர்களுக்கும் இரண்டாண்டுவரை சிறை. ஆடித் தோற்றவருக்குத் தண்டனை இல்லை. இந்தப் பிரிவினை சரி என்பது என் கருத்து. கம்பெனிகள் வழக்குப் போட்டிருக்கின்றன. உச்ச நீதிமன்றம் அவற்றைத் தன்னிடமே எடுத்துக்கொண்டது.

பணம் வைக்காத ஆட்டத்தை அந்தச் சட்டம் தொடவில்லை. வீட்டு முற்றத்துக்கு அது வருவதே இல்லை. காமிக்ஸ் படித்து வளர்ந்து இன்னும் போக்கர் ஆடிப் பார்க்காத யாராவது இதைப் படித்தால், பிள்ளைகளை உட்காரவைத்து ஆளுக்கு இருபது புளியங்கொட்டை கொடுங்கள். ஐந்தைந்து சீட்டு போடுங்கள். ஜோடி, இரண்டு ஜோடி, ஒரே மாதிரி மூன்று, வரிசையாக ஐந்து, ஒரே இனத்தில் ஐந்து, மூன்றும் ஜோடியும் சேர்ந்தது, ஒரே மாதிரி நான்கு, ஒரே இனத்தில் வரிசையாக ஐந்து என்று ஏறிக்கொண்டே போகும் மதிப்பை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். யாரும் போனைக் கையில் எடுக்கக் கூடாது என்பது மட்டும் விதி. எட்டு வயசுப் பெண் கையில் ஒன்றுமே இல்லாமல் பத்துக் கொட்டையை நடுவில் தள்ளிவிட்டு உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். கவிழ்ப்பதா, காட்டச் சொல்வதா என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.